வண்டியின் பின்னே மின்னாக்கி

கோலார் தங்க வயலின் சுரங்கங்களுக்கு 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே மின்சாரம் வந்தது. கம்பி எட்டாத முகாம்களுக்கோ, ஜெனரேட்டர் எனப்படும் மின்னாக்கியையே வண்டியில் கொண்டு செல்ல நேர்கிறது.

முகாம் வண்டியின் பின்புற இழுவை இணைப்பில் இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் மின்னாக்கியை ஏற்றுவதுண்டு. இங்கு நெம்புகோலின் விதி செயற்படுகிறது. வண்டியின் பின்னச்சே தாங்குபுள்ளி. மின்னாக்கியும் சட்டமும் சேர்ந்து 60 கிலோகிராம் எனக் கொள்க. அவற்றின் எடை மையம் பின்னச்சுக்கு 100 செ.மீ. பின்னால் உள்ளது, இரு அச்சுகளின் இடைத்தூரம் 250 செ.மீ. 60-ஐ 100-ஆல் பெருக்கி 250-ஆல் வகுத்தால் 24 கிடைக்கும். முன்னச்சின் சுமை 24 கிலோகிராம் குறைகிறது. பின்னச்சின் சுமையோ 84 கிலோகிராம் கூடுகிறது.

முன்சக்கரங்களின் பிடிப்புத் தளர்ந்தால், வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும். மேடுபள்ளங்களில் குலுங்கும்போது சட்டத்தின்மீது விழும் தாக்கம் மேலும் மிகும். ஆதலின் சட்டத்தை இயன்றவரை வண்டியை ஒட்டி அமைத்தல் வேண்டும்.

மின்னாக்கியைச் சட்டத்தில் இருந்தபடியே இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரின் உயிரை அது போக்கிவிடும். கீழே இறக்கி, வண்டிக்கு 6 மீட்டருக்கு அப்பால், புகை எதிர்ப்புறம் செல்லுமாறு வைத்து இயக்குவதே முறை.