பயிர்ப் படம் போகவில்லையா? பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள்

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதியில் சிப்காட் ஆலைகளை ஒட்டி நெல் பயிரிடும் விவசாயிகளே! நவரைப் பயிரில் இலைப்புள்ளி தெரிந்தால், படம் எடுத்து அனுப்பி ஆலோசனை கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது குலைநோயா, செம்புள்ளி நோயா என்பதைத் தெளிவான படம் இருந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். குலைநோய் என்றால் ஒரு நாள் தாமதமும் பயிரைப் பாதிக்கும்.

வீடியோ நன்றாக ஓடும் போனில்கூட படம் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வீடியோ பார்ப்பதற்குத் தேவை பதிவிறக்க வேகம். படம் அனுப்புவதற்குத் தேவை பதிவேற்ற வேகம். இரண்டும் வேறு.

ஒரு சிறு கணக்கு

4 மெகாபைட் படம் என்பது 32 மெகாபிட். பதிவேற்ற வேகம் நொடிக்கு அரை மெகாபிட் என்றால் 64 நொடி ஆகும். 2 மெகாபிட் என்றால் 16 நொடி. 20 மெகாபிட் என்றால் 2 நொடிகூட ஆகாது.

எந்த நாட்டில் என்ன அளவு?

* இந்தியா: 2023 முதல், பதிவிறக்கம் குறைந்தது 2 மெகாபிட் இருந்தால் அது பிராட்பேண்ட். பதிவேற்றத்துக்கு இந்த வரையறையில் அளவு இல்லை.
* அமெரிக்கா: 2024 முதல் பதிவிறக்கம் 100, பதிவேற்றம் 20 மெகாபிட்.
* பிரிட்டன்: 2020 முதல், பதிவிறக்கம் 10, பதிவேற்றம் 1 மெகாபிட் உள்ள இணைப்பைக் கேட்டுப் பெற மக்களுக்குச் சட்ட உரிமை உண்டு.
* பின்லாந்து: 2010 ஜூலையிலேயே 1 மெகாபிட் இணைப்பைச் சட்ட உரிமையாக்கியது.

நம் நாட்டில் தனி வீட்டுக்கு அப்படி ஒரு சட்ட உரிமை இல்லை. ஊராட்சி வரை கண்ணாடி இழை கேபிள் கொண்டுவரும் பாரத்நெட் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி டான்ஃபினெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை வரும் கேபிள் அதற்கு அப்பால் தெருவுக்கும் வீட்டுக்கும் வர, நாம்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. டிராய் மைஸ்பீட் செயலியில் வயலிலும் வீட்டிலும், காலையிலும் மாலையிலும் வேகத்தை அளந்து, பதிவேற்ற அளவைத் தனியாகக் குறித்து வையுங்கள்.
2. பத்துப் பேரின் குறிப்புகளைச் சேர்த்து, கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். ஊராட்சியில் பாரத்நெட் இணைப்பு வேலை செய்கிறதா என்றும் அங்கே கேளுங்கள்.
3. புதிய இணைப்பு வாங்கும்போது, "பதிவேற்ற வேகம் எவ்வளவு?" என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.
4. சிக்னல் குறைவான வயலில் வீடியோ வேண்டாம். ஒரு இலையின் நெருக்கமான படம், தூரின் படம், வயலின் படம் என மூன்று போதும்.
5. படம் போகவே இல்லையா? கிசான் கால் சென்டர் 1800-180-1551 எண்ணில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம். இதற்குக் கட்டணமும் இல்லை, இணையமும் தேவையில்லை. புள்ளியின் வடிவம், நடுப்பகுதியின் நிறம், பயிரின் வயது ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

நோய் எது என்று உறுதியாகும் முன் மருந்து தெளிக்காதீர்கள். படம் போகவில்லை என்றால், நோய் தாக்கிய இலைகளை எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு அன்றே நேரில் செல்லுங்கள்.