ஃபால்ஸ் கிரீக் கரையோர மறுசீரமைப்பில் மக்கட்கலப்பும் நில உரிமையும்

கனடாவின் வான்கூவர் நகர மையத்தை ஒட்டிய குறுகிய கடற்கழி ஃபால்ஸ் கிரீக். மர ஆலைகளும் தொழிற்கூடங்களும் நிறைந்திருந்த அதன் தென்கரை, 1970களில் குடியிருப்புப் பகுதியாக மாற்றப்பட்டது. குறைந்த, நடுத்தர, உயர் வருவாய்ப் பிரிவினர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக அமைய வேண்டும் என்பது நகரமன்றத்தின் இலக்கு. திட்டமிடல் நூல்கள் இவ்விகிதத்தையே பெரிதும் பேசுகின்றன. எனினும் அதனை நிலைநிறுத்தியது நில உரிமையே ஆகும். நகராட்சி தன் நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. கூட்டுறவு வீட்டை அதன் உறுப்பினர் சந்தையில் விற்க இயலாது. அவர் வெளியேறினால் அது மற்றோர் உறுப்பினருக்குச் செல்லும். எனவே நகரில் வீட்டு விலை பன்மடங்கு உயர்ந்த பின்னரும் எளியோர் அங்கு வாழ முடிந்தது.

வடகரையின் நிலை வேறு. 1986ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி நடைபெற்ற அந்நிலத்தை மாகாண அரசு 1988இல் தனியாருக்கு விற்றது. வீடுகளில் 20 விழுக்காடு சந்தை விலைக்கு உட்படாதவையாகவும், 25 விழுக்காடு குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கு ஏற்றவையாகவும் இருத்தல் வேண்டும் என நகராட்சி விதித்தது. முதல்வகை வீடுகளுக்கு மனைகள் ஒதுக்கப்பட்டன. கட்டுமான நிதியோ அரசுகளிடமிருந்து வரவேண்டியிருந்தது. 1993க்குப் பின் புதிய சமூக வீட்டுவசதிக்கான நிதியுதவியைக் கூட்டாட்சி அரசு கைவிட்டது. அம்மனைகளுள் சில நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தன.

தென்கரைக் குத்தகைகளுள் பெரும்பாலானவை 2036க்கும் 2046க்கும் இடையே முடிவுறும்வண்ணம் எழுதப்பட்டவை. அவை எவ்வாடகையில் புதுப்பிக்கப்படும் என்பதைப் பொறுத்தே கூட்டுறவு வீடுகளின் இன்றைய குடியினர் அங்குத் தொடர்ந்து வாழ இயலும்.