கிக்கரை உதைச்சு உதைச்சு கால் வலிக்குதா... கார்புரேட்டரை மாத்துறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்ட்டரைத் திறந்து பாருங்க!

போன மாதம் எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரே சத்தம்தான். அப்பா தன் பழைய 100 சிசி பைக்கின் கிக்கரை உதைப்பார், அது இருமும், அணையும். வழக்கமாகக் கொடுக்கும் ஒர்க் ஷாப்பில், 'கார்புரேட்டர் போயிடுச்சு, புதுசுதான் போடணும்' என்றார்கள். செலவைக் கேட்ட அப்பா, பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று நாள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்.

நான்காவது நாள், தெருமுனையில் இருக்கும் வயதான மெக்கானிக் அண்ணன் சைடு பேனலைக் கழற்றி ஏர் ஃபில்ட்டரை வெளியே எடுத்தார். உள்ளே மண் கெட்டியாகப் படிந்திருந்தது. புது ஃபில்ட்டர் போட்டதும் இருமல் பாதி குறைந்தது. மிச்சம் இருந்தது ஜெட்டில் அடைப்பு, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்தபின் புது பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால், நம் தெருக்களில் ஓடும் பழைய வண்டிகளுக்கு இன்னும் கார்புரேட்டர்தான் இதயம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்) என்பது பெட்ரோல் முழுமையாக எரியும் விகிதம். ஃபில்ட்டர் அடைத்தால் காற்று குறைந்து, பெட்ரோல் அதிகமாகப் போகும். கறுப்புப் புகை, மைலேஜ் குறைவு, பிக்கப் இல்லாமை எல்லாம் வரிசையாக வரும்.

பிளக் சொல்லும் கதை

சந்தேகம் இருந்தால், இன்ஜின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் சரி. கரி அப்பியதுபோல் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். முதலில் ஃபில்ட்டரையும், சோக் முழுவதும் திரும்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெள்ளையாக வெளிறியிருந்தால் காற்று அதிகம்.

இன்னொரு சுலபமான சோதனை: வண்டி நன்றாகச் சூடானபிறகும் சோக் போட்டால்தான் ஓடுகிறதா? அப்படியென்றால் பெட்ரோல் போதவில்லை. பைலட் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்து வெளிக்காற்றை இழுக்கலாம். ஸ்லோவில் மட்டும் அணைந்து, வேகத்தில் ஒழுங்காக ஓடினாலும் பைலட் ஜெட் மேல்தான் சந்தேகம். ஸ்லோவில் நன்றாக இருந்து, ஆக்ஸிலரேட்டர் முழுக்கத் திருகும்போது திணறினால் மெயின் ஜெட்டையும் பெட்ரோல் டேப்பையும் பார்க்க வேண்டும்.

ஃபில்ட்டரில் இரண்டு ரகம். ஸ்பாஞ்ச் ஃபில்ட்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, பிழியாமல் அழுத்தி, நன்றாகக் காய வைத்து, மேனுவலில் சொன்னால் லேசாக எண்ணெய் தடவிப் போடலாம். பேப்பர் ஃபில்ட்டரைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. எண்ணெய்ப் பூச்சுள்ள பேப்பர் ஃபில்ட்டரை ஏர் அடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம், மாற்றிவிடுங்கள். 'தற்காலிகமா' ஃபில்ட்டர் இல்லாமல் ஓட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. உள்ளே போகும் தூசி பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும், அந்த ரிப்பேருக்கு முன்னால் கார்புரேட்டர் விலை ஒன்றுமே இல்லை!

ஊசி வேண்டாம் ப்ளீஸ்

கார்புரேட்டரைப் பிரிக்கும் வேலையைப் பழகியவரிடம் விடுவதே நல்லது. பிரிப்பவர் ஜெட்டின் துளையில் குண்டூசியோ கம்பியோ விடுகிறாரா என்று மட்டும் கண் வையுங்கள். பித்தளை மிருதுவானது, துளை சற்றே பெரிதானாலும் மைலேஜ் போச்சு. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து ஏர் அடித்தாலே போதும்.

ஸ்லோ செட்டிங்கை நீங்களே செய்யலாம். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகும் முன், அது எத்தனை சுற்றில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்ப பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்ட்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போது காற்று கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் மாற்றித் திருகுபவர்கள்தான் அதிகம். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் வேகம் அதிகமாகி நிலையாக நிற்கும் இடத்தில் விட்டுவிட்டு, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். டாக்கோமீட்டர் இல்லாத வண்டிக்கு நம் காதுதான் மீட்டர்.

மழைத்தண்ணீரில் ஓட்டி நின்றுபோன வண்டியையோ, மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியையோ உடனே உதைக்காதீர்கள். முதலில் ஏர் ஃபில்ட்டர் பெட்டியில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பழைய பெட்ரோலை ஒரு டப்பாவில் பிடியுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த வேலையை வெட்டவெளியில், இன்ஜின் ஆறியபின், பக்கத்தில் விளக்கோ சிகரெட்டோ இல்லாமல் செய்ய வேண்டும்.

நிறுத்திய வண்டியின் கீழே பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் நீடிலில் தூசியோ தேய்மானமோ இருக்கலாம். டேப்பை மூடிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள். எங்கள் அப்பா இப்போதெல்லாம் ராத்திரி வண்டியை நிறுத்தியதும் டேப்பை மூடிவிடுகிறார். காலையில் திறக்க மறந்துவிட்டு, பாதித் தெருவில் நின்று திட்டுவதும் உண்டு.