அரபிக் கடலின் கூனல் திமிங்கிலம்

கடலினின்றும் தொலைவிலுள்ள திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்குத் திமிங்கிலம் ஏட்டில் மட்டுமே காணும் உயிர். எனினும் கூனல் திமிங்கிலம் இணை தேடும் முறை நாம் அறியத்தக்கது. ஹவாய்த் தீவுகளில் படகேறிச் செல்வோர், பெட்டையொன்றைப் பல ஆண்கள் துரத்தி, வாலால் நீரை அறைந்து, தம்முள் மோதக் கண்டு அதனையே புணர்ச்சி என்பர். அது போட்டியே, கூடலை ஆய்வாளர் கண்டதும் அரிதினும் அரிது. பாடுவன ஆண்களே. அப்பாட்டு பெட்டையை அழைக்கவோ பிற ஆணை விலக்கவோ என்பதில் அறிஞர் இன்னும் ஒருமிக்கவில்லை.

பிற கடல்களில் இவை குளிர்நீரில் இரையுண்டு, இணை தேட வெப்பக் கடலுக்குப் பெயரும். அரபிக் கடலினமோ ஆண்டு முழுவதும் அங்கேயே உண்டு, அங்கேயே ஈனும். 1965-66இல் சோவியத் கப்பல்கள் அவற்றுள் 242ஐக் கொன்றன. பெட்டை ஏறத்தாழ 11 திங்கள் சூல்கொண்டு ஒரு கன்றே ஈனுமாதலின், அவ்விழப்பு இன்றும் ஈடாகவில்லை. ஓமான் கரையில் நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன என மதிப்பிடுவர். மீன்வலையும் கப்பலும் அவற்றையும் வருத்துகின்றன.

2017இல் அங்கே கருவி பொருத்தப்பட்ட பெட்டையொன்று கடலைக் குறுக்கே கடந்து நம் நாட்டின் தென்முனை வரை வந்தது. அதற்கு இட்ட பெயர் லுபான். குந்திரிக்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல்.