ஓடிவிட்ட நீரின் கணக்கு

அணு உலையின் தொடர்வினையைச் சில நொடிகளில் நிறுத்திவிடலாமாயினும், அதற்கு முன்பே பிளவுண்ட அணுக்களின் எச்சங்கள் சிதைவதனால் பிறக்கும் உஷ்ணத்தை நிறுத்த எந்த விசையாலும் இயலாது. முழுத்திறனில் ஏறக்குறைய ஆறேழு சதவீதமாக எஞ்சி நிற்கும் அது, நேரம் செல்லச் செல்லவே தணிகிறது. அழுத்தநீர் உலையிலோ, வளிமண்டலத்தைப் போல் சுமார் 150 மடங்கு அழுத்தத்தில் இருப்பதனாலேயே 300 டிகிரி செல்சியஸுக்கு மேலும் கொதியாமல் ஓடும் நீர், பெருங்குழாய் ஒன்று முறியுமானால் நீராவியாய்ச் சீறி வெளியேறிவிடும். அந்த வேளையில் எரிபொருள் கோல்களின் சிர்க்கோனிய உறை எவ்வளவு சூடேறும் என்பதே கணிப்பொறியிடம் கேட்கப்படும் கேள்வி.

அமெரிக்காவின் ஐடஹோ பிரதேசத்தில் உருவான 'ரிலாப்' என்னும் கணக்குமுறை, உலையையும் குழாய்களையும் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் வரவு செலவைக் கணத்துக்குக் கணம் எழுதிச் செல்கிறது. அதன் முற்பட்ட வடிவங்கள் நீரும் ஆவியும் ஒன்றாய்க் கலந்து ஒரே வேகத்தில் செல்வதாக அனுமானித்தன. ஆனால் 1970-71இல் அங்கேயே, மின்சாரத்தால் சூடாக்கிய சிறிய மாதிரி உலையொன்றில் குழாயுடைப்பை நிகழ்த்தி, குளிர்விக்கும் அவசரகால நீரைச் செலுத்தியபோது, மேலெழும் ஆவி கீழிறங்கும் நீரைத் தடுத்து, உடைப்பின் வழியாகவே வெளியே அடித்துச் சென்றுவிட்டது. எதிரெதிர்த் திசையில் செல்லும் இரண்டையும் ஒன்றெனக் கொண்ட கணிதம் இதை எங்ஙனம் காணும்? பின்னர் எழுந்த 'ரிலாப்-5' இரண்டுக்கும் தனித்தனிச் சமன்பாடுகளை அமைத்தது. இதற்கிடையே, நெடிய விசாரணைகளின் முடிவில், உறையின் உஷ்ணம் 1204 டிகிரியைக் கடக்கலாகாது என்ற விதி 1974இல் பிரசுரமாயிற்று. அதற்கு மேல் சிர்க்கோனியம் நீராவியோடு கடுமையாக வினைபுரிந்து, தானே சூட்டைப் பெருக்கி ஹைட்ரஜனையும் வெளிவிடும்.

1978 டிசம்பரில், 'லாஃப்ட்' என்ற 50 மெகாவாட் வெப்பத்திறனுள்ள மெய்யான அணு உலையிலேயே நீரிழப்பை நிகழ்த்திப் பார்த்தார்கள். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த துளி ஆவியின்மேல் மிதந்து கல்லைத் தொடாமல் உருண்டோடுவது போல, சூடேறிய உறையும் நீரை அண்டவிடாது. எனினும், அன்று நீர் கணக்கு சொன்னதைவிட முன்னதாகவே உறையைத் தழுவ, உஷ்ணமும் எதிர்பார்த்ததினும் குறைவாகவே இருந்தது. கணக்கு நல்ல பக்கமாகவே பிழைத்தது என்று இதில் ஆறுதல் கொள்வது தகாது. காரணம் விளங்காத வரையில், சாதகமான பிழையும் பிழையே.

மறு ஆண்டு மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது பெருங்குழாய் எதுவும் முறியவில்லை. திறந்த வால்வு ஒன்று மூடிக்கொள்ளாமற் போக, அதன் வழியே நீர் குறைந்துகொண்டிருந்தும், அழுத்தத்தைச் சீராக்கும் கலத்தின் நீர்மட்டம் உயர்வதைக் கண்ட பணியாளர்கள், நீர் மிகுந்துவிட்டதென்றெண்ணி அவசரகால நீரைக் குறைத்துவிட்டனர். எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. பேருடைப்பின் முதல் நிமிஷங்களிலேயே பெரிதும் ஈடுபட்டிருந்த விஞ்ஞானிகள் அதன் பிறகுதான் சிறு கசிவுகளின் நீண்ட நேரத்துக்குத் தங்கள் கணக்கை விரித்தார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் லாஃப்ட் உலையிலும் சிற்றுடைப்புப் பரிசோதனை தொடங்கிற்று.