இதயத்திலிருந்து ஓடும் அலை!

முத்துப்பேட்டை தெரியுமா, குட்டீஸ்? திருவாரூர் மாவட்டத்தில் அலையாத்திக் காடு இருக்கும் ஊர். கோரையாறும் பாமணியாறும் அங்கேதான் கடலைத் தொடுகின்றன. மேட்டூர் அணை திறந்துவிட்டால் போதும். "தண்ணி கல்லணைக்கு வந்தாச்சா? மன்னார்குடியைத் தாண்டிருச்சா?" என்று கடைமடை விவசாயிகள் நாளை எண்ணிக் காத்திருப்பார்கள்.

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரமும், தண்ணீர் வந்து சேர்ந்த நேரமும் தெரிந்தால் அதன் வேகத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? இதே கணக்கை நம் உடம்புக்குள்ளும் போடுகிறார்கள் டாக்டர்கள்!

நம் உடம்பின் மிகப் பெரிய ரத்தக் குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். இதயத்தில் புறப்பட்டு, குடைக் கைப்பிடி போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிறு வரை இறங்குகிறது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பெருந்தமனி ரப்பர் போல விரிந்து, பிறகு சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இதயத்துக்கு அது பெரிய உதவி!

இந்த ரப்பர் தன்மையைத் தருவது எலாஸ்டின் என்ற புரதம். பிறப்பதற்கு முன்பும் சிறு வயதிலும்தான் உடம்பு இதை அதிகமாகத் தயாரிக்கும். பிறகு மிகவும் குறைவுதான். வயது ஏற ஏற பெருந்தமனி விறைத்துப் போகிறது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். அப்போது இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். துடிப்பின் அதிர்ச்சி மூளை, சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்கள் வரை போய்த் தாக்கும். ஆனால், வலி எதுவும் தெரியாது. அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எப்படி அளப்பது? துணி காயப்போடும் கொடியைத் தட்டிப் பாருங்கள். தொய்வாக இருந்தால் அலை மெதுவாகப் போகும். இறுக்கிக் கட்டினால் விருட்டென்று ஓடும். பெருந்தமனியிலும் அப்படித்தான். இளம் வயதில் துடிப்பு அலை நொடிக்குச் சுமார் 5 மீட்டர் ஓடும். விறைத்த குழாயில் 10 மீட்டரைக்கூடத் தாண்டும். இது அலையின் வேகம். ரத்தம் இதைவிட மெதுவாகத்தான் ஓடுகிறது.

இந்த அலையைப் பிடிக்க உதவுகிறது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ஊசி இல்லை, கத்தி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. உள்ளே இருப்பது ஒரு பெரிய காந்தம். 1.5 டெஸ்லா கருவி என்றால், பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்கு வலிமை! ரத்தம் எந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதையும் இது படம் பிடிக்கும்.

மேலே ஏறும் பகுதி, கீழே இறங்கும் பகுதி இரண்டிலும் அலை வந்த நேரத்தைக் குறிப்பார்கள். இடையே உள்ள வளைவு 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அலை அதைக் கடக்க ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்ததில் 24 பங்கு ஆனால், வேகம் நொடிக்கு 5 மீட்டர். வெறும் 12 பங்குதான் என்றால் 10 மீட்டர். குழாய் விறைத்துவிட்டது! கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

கழுத்திலும் தொடையிலும் நாடியைப் பார்த்தும் இந்த வேகத்தை அளக்கலாம். ஆனால், அங்கே உடம்பின் மேல் டேப் வைத்துத் தூரத்தை அளக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் உள்ளே இருக்கும் வளைவையே அளந்துவிடலாம். செலவு அதிகம் என்பதால் இந்த அளவை இப்போது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுத்துகிறார்கள்.

சரி, இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா, பாட்டியிடம், "ரத்த அழுத்தம் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். நீங்களும் நன்றாக ஓடி விளையாடுங்கள். உங்களிடம் இருக்கும் எலாஸ்டின் ரொம்ப காலத்துக்கு வேண்டும் இல்லையா?