தண்ணீரில் விழுவதற்கும் தலைக்கவசம் வேண்டுமா?

கடந்த கோடையில் சிம்கோ ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டேஜில் எங்கள் உறவினர்கள் ஐந்து குடும்பங்கள் ஒன்றுகூடினோம். பெரியவர்கள் பாபிகியூ அடுப்பைச் சுற்றி நின்றோம். பிள்ளைகள் படகின் பின்னால் கட்டிய காற்று ரியூப்பில் மாறி மாறிப் போய் வந்தார்கள். படகை ஓட்டியவர் என் மைத்துனர். “இன்னும் வேகமாக, மாமா!” என்று பிள்ளைகள் கத்தக் கத்த அவரும் வளைத்து வளைத்து ஓட்டினார். ரியூப்பில் மூன்று பேர். ஒரு திருப்பத்தில் அது துள்ளியபோது என் தம்பியின் பதின்மூன்று வயது மகளின் நெற்றியும் அவளுடைய மச்சானின் பின்தலையும் மோதிக்கொண்டன.

சிரித்துக்கொண்டுதான் கரைக்கு வந்தாள். “தலை இடிக்குது பெரியப்பா” என்றாள். கண்களைப் பார்த்தேன், இரண்டு கேள்வி கேட்டேன், “ஒன்றுமில்லை” என்று சொன்னேன். அரை மணித்தியாலத்தில் மீண்டும் ரியூப்பில் ஏறிவிட்டாள். அன்றிரவு இரண்டு முறை சத்தி எடுத்தாள். அன்று என்ன கிழமை என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வைத்தியசாலையில் அதை மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன் என்றார்கள். அவள் பழையபடி பாடசாலைக்குப் போக ஆறு வாரங்கள் பிடித்தன.

பிறகு தம்பி கேட்டான்: “அண்ணா, ஹெல்மெற் போட்டிருந்தால் இது நடந்திருக்காதோ?” நியாயமான கேள்வி. ஒன்ராரியோவில் 18 வயதுக்குட்பட்டோர் ஹெல்மெற் இல்லாமல் சைக்கிள் ஓட்டக்கூடாது என்ற சட்டம் 1995 முதல் இருக்கிறது. படகின் பின்னால் போவதற்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆகவே முடிவு பெற்றோராகிய எங்கள் கையில்தான் இருக்கிறது.

ஹெல்மெற் எதைத் தடுக்கும்?

மண்டையோடு வெடிப்பதையும் தலைத்தோல் கிழிவதையும் நல்ல ஹெல்மெற் பெருமளவில் தடுக்கும். ஆனால் கன்கஷன் வேறு விடயம். தயிர்ச் சட்டியைத் துணியால் சுற்றிவிட்டு உலுக்கிப் பாருங்கள். சட்டி உடையாது, உள்ளே தயிர் கலங்கிவிடும். தலை திடீரென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் மூளைக்கு நடப்பது அதுதான். ஹெல்மெற் அதைக் கொஞ்சம் குறைக்கலாம், முற்றாகத் தடுக்காது.

எந்த விளையாட்டுக்கு எது?

வேக்போர்ட்: இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும். பலகையின் விளிம்பு தண்ணீரில் சிக்கினால் ஆள் முகங்குப்புற அடிபடுவார். அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளை வைத்து 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், வேக்போர்ட் காயங்களில் கால்வாசிக்கு மேல் தலைக் காயங்களாக இருந்தன. வோட்டர் ஸ்கீயில் அது ஐந்து வீதத்துக்கும் குறைவு. எனவே வேக்போர்டுக்கு, விசேடமாகத் தடைகள் மீது பாய்பவர்களுக்கு, ஹெல்மெற் வேண்டும் என்பதே என் ஆலோசனை.

வோட்டர் ஸ்கீ: இதில் கூடுதலாக அடிபடுவது இடுப்பும் காலும். சாதாரணமாகச் சறுக்கிப் பழகும் பிள்ளைக்கு ஹெல்மெற் கட்டாயமல்ல. சாய்தளத்தில் ஏறிப் பாய்பவர்கள் அணியவேண்டும்.

ரியூப்: இங்கே பெரிய ஆபத்து தலையோடு தலை மோதுவது. ஒரு ரியூப்பில் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றினால் அந்த ஆபத்தே இல்லை. எந்த ஹெல்மெற்றையும்விட இது சிறந்த பாதுகாப்பு, செலவும் இல்லை.

வாங்குவதென்றால்

வீட்டிலிருக்கும் சைக்கிள் ஹெல்மெற்றையோ ஹொக்கி ஹெல்மெற்றையோ தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள். தளர்வான ஹெல்மெற் விழும்போது வாளிபோல் தண்ணீரை அள்ளும். அந்த இழுவை முழுவதும் கழுத்துக்கும் நாடிக்கும் போகும். நீர் விளையாட்டுக்கென்றே செய்த ஹெல்மெற் தண்ணீரை வடியவிடும். அநேகமானவற்றில் ஈ.என். 1385 என்ற ஐரோப்பிய தர இலக்கம் இருக்கும். அது படகோட்டலுக்கும் துடுப்பு விளையாட்டுகளுக்கும் வகுத்த தரம். வேகமான மோதலுக்கு உத்தரவாதம் அல்ல. தலையை ஆட்டினால் ஹெல்மெற் தனியாக ஆடக்கூடாது. முன்பக்கம் நீட்டிய தொப்பி விளிம்பு இருக்கக்கூடாது. காதை மூடும் வகை, தண்ணீர் அறைந்து செவிப்பறை கிழிவதையும் குறைக்கும்.

ஹெல்மெற்றுக்கு முன்னால்

1990 இல் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இரவோடிரவாகப் படகில் வந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் படகில் ஒருவரிடமும் லைஃப் ஜக்கெற் இருக்கவில்லை. இன்றும் எனக்கு நீந்தத் தெரியாது. எங்களில் பலரின் நிலை இதுதான். இன்று எல்லாம் கிடைக்கும் நாட்டில் பிள்ளைகளை விளையாட்டுக்காகப் படகில் ஏற்றுகிறோம். ஆகவே கீழ்க்காண்பவற்றை முதலில் கவனியுங்கள்:

• அளவான, பூட்டிய லைஃப் ஜக்கெற். தானாகக் காற்றடையும் வகை இந்த விளையாட்டுகளுக்கு உதவாது.

• ஓட்டுபவரைத் தவிர, பின்னால் இருப்பவரையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் படகில் இருக்கவேண்டும். இழுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் படகில் ஓர் இருக்கை காலியாக இருக்கவேண்டும். இரண்டும் கனடாவில் சட்டம்.

• வேகம். படகு திரும்பும்போது ரியூப் வெளிப்பக்கமாக வீசப்பட்டுப் படகைவிட வேகமாகப் போகும். சிறுவர்கள் இருந்தால் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டாதீர்கள், கூர்மையாகத் திருப்பாதீர்கள். கரை, இறங்குதுறை, மற்றப் படகுகளிலிருந்து விலகி ஓட்டுங்கள்.

• படகை ஓட்டுபவர் ஒரு பியர் கூட அருந்தக்கூடாது. குடித்துவிட்டுப் படகோட்டினால் ஒன்ராரியோவில் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமும் பறிபோகலாம்.

• விழுந்தவரை ஏற்றும்போது இயந்திரத்தை நிறுத்துங்கள். இயந்திரம் ஓடும்போது படகின் பின்தட்டில் பிள்ளைகளை இருத்தாதீர்கள். புகையிலுள்ள காபன் மொனொக்சைட் தலையிடியையும் சத்தியையும் உண்டாக்கும், உயிரையும் பறிக்கும்.

தலையில் அடிபட்டால்

அன்றைய விளையாட்டு அத்தோடு முடிந்தது. பிள்ளை அழுதாலும் சரி, சிரித்தாலும் சரி. ஒட்டாவாவில் 2013 இல், றக்பி விளையாடிய 17 வயதான றோவன் ஸ்ரிங்கர் என்ற மாணவி, சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்தார். முதல் அடி ஆறுமுன் இன்னோர் அடி விழுந்ததே காரணம். 2018 இல் ஒன்ராரியோ அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே விளையாட்டை நிறுத்தவேண்டும் என்பதே அதன் சாரம்.

கூடிக்கொண்டு போகும் தலையிடி, திரும்பத் திரும்பச் சத்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு, கைகால் பலவீனம் அல்லது விறைப்பு, கழுத்து நோ, எழுப்ப முடியாத நித்திரை, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 911 ஐ அழையுங்கள். தண்ணீரில் மயங்கிக் கிடந்தால் முகத்தை மேலே திருப்பி, கழுத்தை அசையாமல் தாங்கி, மூச்சு வருகிறதா என்று பாருங்கள்.

இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டுங்கள். ஒன்ராரியோவில் 811 ஐ அழைத்துத் தாதியிடமும் ஆலோசனை கேட்கலாம். “தலையில் அடிபட்டவரை நித்திரை கொள்ள விடக்கூடாது” என்பார்கள் எங்கள் அம்மாமார். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லையென்றால் நித்திரை நல்லதே. முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு, பிறகு படிப்படியாகப் படிப்பு. விளையாட்டு கடைசியில், அதுவும் வைத்தியர் சம்மதித்த பின்னர்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “ஹெல்மெற் போட்டிருந்தால் நெற்றி வீங்கியிருக்காது. ஆனால் மூன்று பேரை ஒன்றாக ஏற்றாமல் இருந்திருந்தால் மோதலே நடந்திருக்காது. நான் அவளை இரண்டாம் முறை போகவிட்டிருக்கக்கூடாது.”

இந்தக் கோடையிலும் அதே ஏரிக்குப் போகிறோம். வேக்போர்ட் பழகும் மகனுக்கு ஹெல்மெற் வாங்கிவிட்டேன். ரியூப்பில் ஒருவர் மட்டுமே. மைத்துனரும் சம்மதித்துவிட்டார்.